42 பாகைச் சரிவில் ஒரு மாலை

கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில், 2012 ஒலிம்பிக் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட உள்ளரங்கச் சைக்கிள் களத்தில், சென்ற நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் மாலையில், எங்கள் சிறிய சைக்கிள் குழு மூன்று மணி நேரம் பந்தயம் ஓட்டியது. எங்களில் ஒருவரும் தொழில்முறை வீரர் இல்லை. அணித்தலைவர் ஐம்பது வயதைக் கடந்த பள்ளி ஆசிரியர். எங்களில் மிக வலுவாக ஓட்டுகிறவர் ஒரு பேக்கரியில் விடியற்காலை வேலை பார்க்கும் போலந்துப் பெண். எங்களில் இளையவன், யாழ்ப்பாணத்திலிருந்து சிறு வயதில் வந்த ஒரு தம்பி. என்னையும் சேர்த்து 11 பேர். ஞாயிறு காலைகளில் எஸ்ஸெக்ஸ் கிராமச் சாலைகளில் 80, 90 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வழியில் ஒரு தேநீரும் குடித்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள். சாலையில் பல ஆண்டுகளாகச் சேர்ந்து ஓட்டிய பழக்கம் இந்தக் களத்தில் எவ்வளவு உதவும், எந்த இடத்தில் அதே பழக்கம் ஆபத்தாக மாறும் என்பதை அந்த மூன்று மணி நேரத்தில் உடம்பால் தெரிந்துகொண்டேன். இனிமேல் அங்கே போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதை விரிவாக எழுதுகிறேன்.

களத்தை முதன்முறை பார்ப்பவருக்கு, தொலைக்காட்சியில் கண்டதற்கும் நேரில் காண்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். சைபீரிய பைன் மரத்தின் ஒடுக்கமான பட்டிகளை நெருக்கமாக அடித்துப் பரப்பிய 250 மீட்டர் சுற்று அது. நேர்ப்பகுதிகளிலேயே தரை 12 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டு வளைவுகளின் நடுவிலோ 42 பாகை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அது சரிவாகத் தெரியாது, சுவராகவே தெரியும். நம் ஊர்ப் பொருட்காட்சியில் மரணக்கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அதன் சூத்திரம் உடனே புரிந்துவிடும்: அங்கே மோட்டார் சைக்கிளைச் சுவரில் ஒட்டவைப்பது எதுவோ, அதுவேதான் இங்கேயும் சைக்கிளைச் சரிவில் நிறுத்துகிறது. வேகம் இருக்கும்வரை சரிவு நமக்குத் தரைதான். வேகம் குறைந்த நொடியிலிருந்து அது வெறும் மரச்சுவர். வெளியே 4 டிகிரிக் குளிர் அடிக்க, உள்ளே கோடைகாலத்தைப்போல் வெதுவெதுப்பாக இருந்தது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதைக் கிழித்துக்கொண்டு போவது எளிது என்பதால் அரங்கத்தை அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் வீட்டிலிருந்து தண்ணீர் நிறையக் கொண்டுபோக வேண்டும். ஓடும் சைக்கிளில் தண்ணீர்ப் புட்டி மாட்ட அனுமதியில்லை. பந்தயங்களுக்கு இடையில் குடித்தால்தான் உண்டு.

அடுத்தது சைக்கிள். சாதாரண சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் கிர்ரென்ற ஓசையுடன் தானாக உருளும். பின்சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீல் தரும் வசதி அது. களச் சைக்கிளில் ஃப்ரீவீல் கிடையாது, பிரேக்கும் கிடையாது, கியர் மாற்றவும் வழியில்லை. பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், பெடலோடு காலும் சுற்றியாக வேண்டும். அங்கே எனக்கு வாடகைக்குக் கிடைத்த சைக்கிளில் முன்னே 48 பல், பின்னே 15 பல். பெடலை ஒருமுறை சுற்றினால் ஏறக்குறைய 6.7 மீட்டர் நகரும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போக நிமிடத்துக்கு 100 முறை கால் சுற்ற வேண்டும், அந்த வேகத்தில் ஒரு சுற்றுக்கு 22.5 விநாடி ஆகும். இந்த எண்களை மனத்தில் வைத்திருப்பது நல்லது. களச் சைக்கிளில் வேகமானி மாட்டுவதில்லை என்பதால், வேகத்தை அறிய நமக்கு இருக்கும் ஒரே கருவி நம் காலின் தாளம்தான். ஏறுவதற்கு முன்பு செயின் தொய்வையும் பின்சக்கர நட்டுகளையும் கையால் தொட்டுப் பார்க்காமல் புறப்படக் கூடாது. சாலையில் செயின் கழன்றால் பிரேக் பிடித்து நிறுத்திக்கொள்ளலாம். இங்கே காலால் வேகத்தைக் குறைக்க இருக்கும் ஒரே வழி அந்தச் செயின்தான்.

தரையில் வரைந்த கோடுகளையும் வீட்டுப்பாடமாகப் படித்துவிட்டுப் போக வேண்டும். உள்விளிம்பை ஒட்டி, ஓட்டத்துக்கு உரியதல்லாத ஒரு நீலப் பட்டை. அதற்கு மேலே 20 சென்டிமீட்டரில் கறுப்புக் கோடு. 250 மீட்டர் என்ற அளவு அந்தக் கோட்டை ஒட்டித்தான் எடுக்கப்படுகிறது. 85 சென்டிமீட்டரில் சிவப்புக் கோடு. இறுதிப் பாய்ச்சலில் இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் முன்னே போகிறவர் அந்தப் பாதையை விட்டு விலகக் கூடாது, பின்னால் வருகிறவர் உள்பக்கமாக நுழையவும் கூடாது. அதற்கும் மேலே, களத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒரு நீலக் கோடு. மெதுவாக ஓட்டுகிறவர்கள், வரிசை மாறுகிறவர்கள் அதற்கு மேலே ஒதுங்கிக்கொள்வார்கள். எல்லோரும் இடஞ்சுழியாகவே ஓட்டுகிறார்கள், அதாவது கோயிலை வலம் வருவதற்கு நேர் எதிர்த் திசையில். முந்துவது எப்போதும் வெளிப்பக்கமாக, மேலே ஏறித்தான். முந்த வருகிறவர் "ஸ்டே" என்று குரல் கொடுத்தால், நீ இருக்கும் கோட்டிலேயே இரு என்று பொருள். அந்தக் குரல் கேட்டதும் மரியாதைக்காக ஒதுங்கி வழிவிடுவது சாலையில் நல்ல பண்பு. இங்கே அதைச் செய்தால் இரண்டு பேரும் விழுவார்கள்.

இந்தக் களத்தில் பந்தயம் ஓட்ட வேண்டுமானால் அவர்கள் நடத்தும் நான்கு படிப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். நாங்கள் அதை முடிக்க இலையுதிர்காலம் முழுவதும் ஆயிற்று. என்னைக் கேட்டால், தென் லண்டனிலுள்ள ஹேர்ன் ஹில் களத்தில் சில முறை ஓட்டிப் பழகிவிட்டு இங்கே வருவதுதான் சரியான வழி. 1891இல் அமைக்கப்பட்ட திறந்தவெளிக் களம் அது. 1948 ஒலிம்பிக்கின் சைக்கிள் களப் பந்தயங்கள் நடந்த இடம். சுற்று 450 மீட்டர், சரிவும் மிகவும் மென்மையானது. பிரேக் இல்லாத சைக்கிளுக்கு உடம்பு பழகுவது ஒரு வேலை, செங்குத்துச் சரிவுக்கு மனம் பழகுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே நாளில் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை. மழை பெய்தால் அங்கே ஓட்ட முடியாது என்பது ஒன்றுதான் குறை.

அன்று முதலில் நடந்தது ஸ்க்ராட்ச் பந்தயம். 20 சுற்று, 5 கிலோமீட்டர். கடைசிச் சுற்றின் முடிவில் முதலில் கோட்டைத் தாண்டுகிறவரே வென்றவர். நடுவில் புள்ளிகளோ நீக்கமோ கிடையாது. அதைப் பற்றிச் சொல்ல ஒரு நிகழ்ச்சிதான் உண்டு. ஆறாவதாகக் கோட்டைத் தாண்டிய எங்கள் அணித்தலைவர், முப்பது ஆண்டுப் பழக்கத்தில், பந்தயம் முடிந்துவிட்டதென்று காலை நிறுத்தினார். சுற்றிக்கொண்டிருந்த பெடல் அவர் காலைத் தூக்கி எறிந்தது. பின்சக்கரம் ஒரு கணம் மரத்தைவிட்டு எழும்பி மறுபடியும் இறங்கியது. கைப்பிடியை இறுகப் பிடித்திருந்ததால் விழாமல் தப்பினார். கோட்டைத் தாண்டிய பிறகும் குறைந்தது மூன்று சுற்றாவது காலைச் சுற்றியபடியே வேகத்தைத் தணித்து, கடைசியில் கீழே உள்ள கம்பியைக் கையால் பிடித்து நின்ற பிறகுதான், பெடலில் பூட்டியிருக்கும் காலணியை விடுவிக்க வேண்டும் என்று பயிற்றுநர் எங்களை வட்டமாக நிறுத்தி மறுபடியும் சொன்னார்.

இரண்டாவது பந்தயத்தில்தான் நான் விழுந்தேன். அது நீக்கல் பந்தயம். இங்கே பேச்சுவழக்கில் 'டெவில்' என்பார்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, கோட்டைக் கடைசியாகத் தாண்டும் பின்சக்கரத்துக்குரியவர் வெளியேற வேண்டும். முன்சக்கரத்தைப் பார்ப்பதில்லை, பின்சக்கரத்தைத்தான் பார்க்கிறார்கள். இதில் புதியவர்கள் செய்யும் தவற்றையே நானும் செய்தேன். உள்பக்கம் தூரம் குறைவு என்ற கணக்கில் கறுப்புக் கோட்டை ஒட்டியே போய்க்கொண்டிருந்தேன். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே ஏறி என்னைத் தாண்டி முன்னே போனார்கள். எனக்கு முன்னால் ஒருவர், வலப்பக்கத்தில் ஒருவர் என்று அடைபட்டுப் போனேன். காலில் வலு மிச்சமிருந்தும் வெளியேற வழியில்லை. நான்காவது ஆளாக என் எண்ணை அழைத்தார்கள். இந்தப் பந்தயத்தில் உள்பக்கத்துக் குறைந்த தூரத்தைவிட, வலப்பக்கம் திறந்திருக்கும் இடமே பெரிது. சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே, முன்வரிசையிலிருந்து மூன்று, நான்கு பேருக்குள் நின்றுகொண்டால் காற்று கொஞ்சம் அதிகமாக அடிக்கும், ஆனால் எந்த நொடியிலும் நகர முடியும்.

எண்ணை அழைத்ததும், திரும்பிப் பார்த்து, முறைப்படி நீலக் கோட்டுக்கு மேலே ஏறி ஒதுங்கினேன். கூட்டம் எனக்குக் கீழே விரைந்து கடந்து போயிற்று. அதுவரை 44, 45 கிலோமீட்டர் வேகத்தில் இருந்த உடம்பு தளர்ந்தது. அடுத்த வளைவின் உச்சிக்கு அருகில் போய்க்கொண்டிருந்தபோது, பின்சக்கரத்துக்கு அடியில் யாரோ விரிப்பை உருவியதுபோல் இருந்தது. டயர் மரத்தில் கீச்சிட்ட ஓசை கேட்டது. அடுத்த கணம் இடுப்பிலும் முழங்கையிலும் மரத்தின் சூடு. சைக்கிளோடு சேர்ந்து, வழவழப்பான சுவரில் சறுக்குவதுபோல், கீழே நீலப் பட்டை வரை வந்து நின்றேன். கூட்டம் அப்போது எதிர்ப்பக்க நேர்ப்பகுதியில் இருந்தது. ஏறக்குறைய பத்து விநாடி இடைவெளி. பயிற்றுநர் விசில் ஊத, எல்லோரும் நீலக் கோட்டுக்கு மேலே ஏறிச் சீரான வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் பதறி வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் இரண்டாவது ஆளும் என்னைப் போலவே சறுக்கி வந்திருப்பார்.

முதலுதவிக்காரர் தலைக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலை எதிலும் படவில்லை என்று உறுதியான பிறகு, தொடைப் பக்கத்தில் ஏறியிருந்த மரச்சிராயை இடுக்கியால் மெல்ல உருவினார். தீக்குச்சியில் பாதி நீளம் இருந்தது. துணியைத் துளைத்து ஏறியிருந்த அது தேன் நிறத்தில் பளபளத்தது. சறுக்கும்போது தோல் உராய்ந்த காயம் தீக்காயத்தைப்போல் எரியும், ஆனால் ஆழமில்லை. சிராய்தான் கவனிக்க வேண்டியது. முழுக்கைச் சட்டையும் விரல் மூடிய கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள் என்று அறிவுறுத்தப்பட்டபோது, வெப்பமான அரங்கத்தில் எதற்கு என்று நான் அலட்சியமாக இருந்திருந்தேன். இனி அரைக்கைச் சட்டையோடு அந்த மரத்தில் ஏற மாட்டேன்.

பந்தயத்தை முடித்துவிட்டு வந்த தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவாப் போறியள் எண்டு உங்களுக்குத் தெரியேல்லையோ, அண்ணை? நான் அங்கால இருந்தே பாத்தனான்" என்றான். எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. வெகுநேரம் வேகமாகப் போன பிறகு வேகத்தைப் பற்றிய நம் உணர்வு பிசகிவிடுகிறது. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் நுழையும் கார்க்காரருக்கு 60 கிலோமீட்டர் வேகம் ஊர்வதுபோல் தோன்றுமே, அதற்கு நேர் எதிராக, 25 கிலோமீட்டருக்குக் குறைந்துவிட்ட பின்பும் எனக்கு இன்னும் வேகமாகவே போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது. கண்ணை நம்பியது தவறு. காலை எண்ணியிருக்க வேண்டும். என் சைக்கிளின் கணக்குப்படி, நிமிடத்துக்கு 75 சுற்றுக்குக் கீழே கால் இறங்கினால் வேகம் 30 கிலோமீட்டருக்குக் கீழே போகிறது. அந்த நிலையில் வளைவின் உயரத்தில் இருப்பது ஆபத்து. வேகத்தைத் தணிக்க வேண்டுமானால் முதலில் திரும்பிப் பார்த்து, நேர்ப்பகுதியில் கீழே இறங்கி, அங்கேதான் தணிக்க வேண்டும். பயந்தால் மெதுவாகப் போ என்று சாலை நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. பயந்தால் இன்னும் அழுத்திச் சுற்று என்று காலுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. அது ஒரு மாலையில் வந்துவிடுவதில்லை.

மூன்றாவதாக நடந்த புள்ளிப் பந்தயத்தில் நான் ஓட்டவில்லை. பத்துச் சுற்றுக்கு ஒரு பாய்ச்சல், முதல் நால்வருக்கு 5, 3, 2, 1 என்று புள்ளிகள். போலந்துத் தோழி அமைதியாக ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டாவதாக வந்தே முதலிடத்தைப் பிடித்தார். அந்த நேரத்தில் பயிற்றுநர் என் சைக்கிளின் சக்கரங்களைச் சுழற்றிப் பார்த்து, ஹேண்டில்பாரை நேராக்கி, நீலக் கோட்டுக்குக் கீழே பத்துச் சுற்று தனியாக ஓட்டிக் காட்டினால்தான் கடைசிப் பந்தயத்தில் சேர்ப்பேன் என்றார். முதல் இரண்டு சுற்றிலும் விழுந்த வளைவு வந்தபோதெல்லாம் தோள் இறுகியது. மூன்றாவது சுற்றிலிருந்து, சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மரத்தைப் பார்க்காமல் வளைவு முடிகிற இடத்தைப் பார்க்கத் தொடங்கியதும், தோள் தானாகத் தளர்ந்தது.

கடைசிப் பந்தயம் அணித் துரத்தல். நான்கு பேர் கொண்ட இரண்டு அணிகள் களத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, 16 சுற்று, 4 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். நேரத்தை முதல் ஆளைக்கொண்டு கணக்கிடுவதில்லை; மூன்றாவது ஆளின் முன்சக்கரம் கோட்டைத் தொடும்போதுதான் கடிகாரம் நிற்கும். எனவே நால்வரில் ஒருவரை வழியில் விட்டுவிடலாம், இருவரை விட முடியாது. 2012இல் இதே களத்தில் பிரிட்டன் அணி 3 நிமிடம் 51.659 விநாடியில் ஓட்டி உலக சாதனையோடு தங்கம் வென்றது. அந்த நால்வரில் ஒருவரான கெரைன்ட் தாமஸ் 2018இல் டூர் டி ஃபிரான்ஸையும் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய அணி அந்த நேரத்தை 3 நிமிடம் 40.730 விநாடியாகக் குறைத்தது. சராசரி வேகம் மணிக்கு 65 கிலோமீட்டருக்கும் மேல். நாங்கள் திட்டமிட்ட நேரம் 5 நிமிடம் 42 விநாடி: புறப்படும் சுற்றுக்கு 27 விநாடி, பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 21.

இந்தப் பந்தயத்தின் உயிர் ஆள் மாறுவதில் இருக்கிறது. முன்னால் போகிறவர் காற்றை முழுவதும் வாங்கிக்கொள்கிறார். பின்னால் ஒட்டி வருகிறவருக்கு உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது. ஒரு சுற்று முன்னால் இழுத்த பிறகு, வளைவு தொடங்கும் இடத்தில் முன்னவர் சரிவில் மேல்நோக்கி ஏறுவார். ஏற்றத்தில் அவருடைய வேகம் தானாகக் குறைய, மற்ற மூவரும் கீழே கடந்து போவார்கள். பிறகு அவர் சரிவில் இறங்கும்போது, ஏறும்போது இழந்த வேகத்தை அந்த இறக்கமே திருப்பித் தரும். நேராக நான்காவது இடத்தில் வந்து ஒட்டிக்கொள்வார். பிரேக் இல்லாத சைக்கிளில் இப்படி வரிசையின் பின்னால் போய்ச் சேர முடிவதே அந்தச் சரிவின் தயவால்தான்.

என் முதல் மாற்றத்தில் நீலக் கோட்டுக்கும் மேலே ஒரு மீட்டர் ஏறிவிட்டேன். இறங்கி வந்தபோது கடைசிச் சக்கரத்துக்கும் எனக்கும் மூன்று மீட்டர் இடைவெளி. அந்த மூன்று மீட்டரைப் பிடிக்க அரைச் சுற்று ஆயிற்று. முன்னால் ஒரு சுற்று இழுத்ததைவிட அந்த அரைச் சுற்றுதான் என் மூச்சைத் தின்றது. இரண்டாவது மாற்றத்தில், குறைவாக ஏறி, மூன்றாவது ஆளின் முன்சக்கரம் என் இடுப்புக்கு நேராக வந்ததுமே இறங்கத் தொடங்கினேன். தோழியின் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கை அகலத்தில் போய்ச் சேர்ந்தேன். காற்றின் இரைச்சல் சட்டென்று அடங்கி, மரத்தின்மேல் டயர்கள் உருளும் ஒலி மட்டும் கேட்டது. அவர் சக்கரத்தைப் பார்க்காமல் அவருடைய தோளைத் தாண்டி, முன்னால் போகும் இரண்டாவது ஆளைப் பார்க்க வேண்டும். முன்னால் ஏற்படும் மாற்றம் அப்போதுதான் நமக்கு ஒரு நொடி முன்கூட்டியே தெரியும்.

பத்தாவது சுற்றில் தம்பி முன்னால் வந்தான். இளம் கால்கள், தன்னையறியாமல் அழுத்திவிட்டான். அந்தச் சுற்று 19.9 விநாடி. பயிற்றுநர் கோட்டருகே நின்று, நேரக்கணக்குக்கு முந்தினால் நாங்கள் போகும் திசையில் சில அடி நகர்ந்தும், பிந்தினால் பின்வாங்கியும் நின்று எங்களுக்கு நிலவரம் காட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சுற்றில் அவர் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய், உள்ளங்கையைத் தரையை நோக்கி அழுத்திக் காட்டினார். அதற்குள் அணித்தலைவர் முன்னால் போகிறவரின் சக்கரத்தை விட்டுப் பின்தங்கிவிட்டார். முன்னால் வருகிறவர் தனக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. முந்தைய ஆள் விட்டுச்சென்ற வேகத்தை அப்படியே வாங்கி, அப்படியே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். வலு அதிகமாக இருக்கிறவர் வேகத்தைக் கூட்டத் தேவையில்லை, ஒரு சுற்றுக்குப் பதிலாக ஒன்றரைச் சுற்று இழுத்தால் போதும். 12ஆவது சுற்றில் தலைவர் "போங்கள்" என்று கத்திவிட்டு மேலே ஒதுங்கினார். மூன்று பேர் மிஞ்சினோம். மூன்றாவது சக்கரம் என்னுடையது.

கடைசி நான்கு சுற்றில் நான் ஒருமுறைதான் முன்னால் போனேன், அதுவும் அரைச் சுற்று. கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தபோது தோழி முன்னால், தம்பி இரண்டாவது, நான் மூன்றாவது. அவர்கள் இருவரும் எவ்வளவு வேகமாகப் போனாலும் என் சக்கரம் சேரும் வரை அதற்கு மதிப்பில்லை என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள். தம்பி இருமுறை தோளுக்குக் கீழாகத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 5 நிமிடம் 38.4 விநாடி. எதிர் அணி 5 நிமிடம் 35.1. தோற்றோம், ஆனால் திட்டமிட்டதைவிட 3.6 விநாடி முன்னதாக முடித்திருந்தோம்.

வாடகைக் காலணிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அரங்கத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்து, அடுத்த முறைக்கான வரிசையைத் தலைவர் ஒரு அட்டையின் பின்புறத்தில் எழுதினார். ஜனவரியில் மறுபடியும் போகிறோம். புறப்படும் சுற்றைத் தோழியே இழுப்பார். தலைவர் இரண்டாவது இடத்துக்கு வருகிறார், தமக்குப் பின்னால் ஓய்வு நீளமாகக் கிடைக்கும்படி அரைச் சுற்று மட்டும் இழுப்பார். நான் மூன்றாவது. தம்பிக்கு நான்காவது இடம், ஒவ்வொரு முறையும் ஒன்றரைச் சுற்று, சுற்றுக்கு 20.8 விநாடியைவிட வேகமாகப் போகக் கூடாது என்று அவன் பெயருக்கு எதிரே அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறது. அந்த அட்டை இப்போது என் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.